யாரிடம் ஒப்படைக்கிறோம்? சேர்க்கை, இடமாற்றம், டிஸ்சார்ஜ் ஆகியவற்றில் செவிலியரின் பொறுப்பு

வைத்தியசாலையில் நோயாளிக்கு நேரக்கூடிய அபாயங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக் கூடத்தையும் தீவிர சிகிச்சைப் பிரிவையுமே மனத்திற்கொண்டு எழுதுகிறார்கள். ஆனால் வார்டில் சேர்க்கப்படும்போதும், வேறு பிரிவுக்கோ வேறு மருத்துவமனைக்கோ அனுப்பப்படும்போதும், டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பும்போதும், ஒருவர் பொறுப்பிலிருந்து மற்றொருவர் பொறுப்புக்கு நோயாளி மாறுகிற அந்த வேளைகளில் விளையும் தீங்குகள், ஆரவாரமின்றி நேர்வதால் எவர் கணக்கிலும் ஏறாமலே போய்விடுகின்றன. நோயாளிப் பாதுகாப்புக்கென உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒன்பது பரிகாரங்களுள் இரண்டு இவ்வேளைகளையே பற்றியவை: ஒப்படைக்கும்போது சொல்லவேண்டியதைச் சொல்லுவது ஒன்று, இடம் மாறும்போது மருந்துகள் பிசகின்றித் தொடர்வதைக் கவனிப்பது மற்றொன்று.

1859-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் செவிலியம் குறித்து எழுதிய நூலில், தாம் அருகில் இருக்கையில் செய்வதெல்லாம் தாம் இல்லாதபோதும் நடக்கும்படி ஏற்பாடு செய்யத் தெரியாதவரின் மற்றத் திறமைகள் அனைத்தும் வீணாகிவிடக்கூடும் என்ற கருத்தைத் தனி அத்தியாயமாகவே விரித்திருக்கிறார். தற்காலத்தில் நிர்வாகம் என்ற பெயரில் பேசப்படும் பலவற்றைக் காட்டிலும் இது ஆழமானது என்பது என் அபிப்பிராயம். இக்கருத்தை நம் நாட்டு வார்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு முரண்பாடு புலப்படும். ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தம் டூட்டி முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக ஒப்படைக்கிறார். ஆனால் அதே நோயாளி வீடு திரும்பும் நாளில், அவரை இனி இரவும் பகலும் பராமரிக்கப்போகும் மனைவியிடமோ மருமகளிடமோ ஒரு காகிதத்தையும் மாத்திரைப் பையையும் நீட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றுவிட நேர்கிறது. செவிலியரின் பணியை ஏற்றுத் தொடரப்போகிறவர் துணைக்கு இருக்கும் அந்த உறவினரே. ஆகையால் அடுத்த டூட்டிக்கு வரும் நர்ஸிடம் எத்துணைக் கிரமமாக ஒப்படைக்கப்படுகிறதோ அத்துணைக் கிரமமாக அவரிடமும் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதே இங்கு நான் நிறுவ முயலும் வாதம்.

அவ்வாறாயின் டிஸ்சார்ஜுக்கான ஆயத்தம் சேர்க்கை நாளிலேயே தொடங்கியாக வேண்டும். நாடியும் இரத்த அழுத்தமும் உஷ்ணமும் குறித்து, ஒவ்வாத மருந்து உண்டா என்று விசாரித்து, நகைகளைக் கழற்றி உறவினரிடம் கொடுக்கச் செய்வதோடு சேர்க்கைக் கடமை முடிந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. வீட்டில் சமைப்பவர் யார், மருந்து எடுத்துக் கொடுப்பவர் யார், அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமா, கண் பார்வை எப்படி என்ற கேள்விகளும் அன்றே கேட்கப்படத் தக்கவை. வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைப் பையையும் அன்றே கொட்டிப் பார்த்துவிடுவது உத்தமம். தனியார் மருத்துவர் ஒரு வணிகப் பெயரில் எழுதிக்கொடுத்த நீரிழிவு மாத்திரையும், அரசு மருத்துவமனை வேறு உறையில் வழங்கும் அதே மாத்திரையும் நிறத்தாலும் வடிவத்தாலும் வேறுபட்டிருப்பதால், வீடு சென்றபின் இரண்டையும் சேர்த்து விழுங்கி, சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமுற்று மறுபடியும் அவசரப் பிரிவுக்கு வருவோர் உண்டு. கேஸ் ஷீட்டில் உள்ள எந்த வரியும் அப்பையை நமக்குக் காட்டிக்கொடுக்காது.

இடமாற்றத்தின் தன்மையை விளக்க ஓர் உதாரணம் போதும். பிரசவ வலிப்பு கண்ட தாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரு புட்டங்களிலும் ஐந்தைந்து கிராமாக மக்னீசியம் சல்ஃபேட் ஊசி போட்டு, 108 வண்டியில் தலைமை மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். போட்ட அளவும் நேரமும் சீட்டில் இல்லையேல், ஏற்றுக்கொள்ளும் இடத்தில் முதல் டோஸ் மீண்டும் முழுமையாகச் செலுத்தப்படலாம். முழங்கால் அனிச்சை அற்றுப்போய், பின் சுவாசமே ஒடுங்கிவிடும் அபாயம் அதில் இருக்கிறது. அனிச்சையையும் சுவாச எண்ணிக்கையையும் சிறுநீர் அளவையும் மணிக்கு மணி கவனிக்கத் தெரிந்த செவிலியர் இரு முனைகளிலும் இருந்தும், இடையே ஒரு வரி எழுதாமல் விடப்பட்டால் அவர்களுடைய அறிவெல்லாம் பயனற்றுப் போகிறது.

டிஸ்சார்ஜில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஏனெனில் மறுமுனையில் இருப்பவர் பயிற்சி பெற்றவர் அல்லர். இன்சுலின் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட் மருந்து இருக்கிறது. அதற்குரிய சிரிஞ்சு சிவப்பு மூடியுடையது. மருந்துக் கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால், 20 என்ற கோடு வரை இழுத்தாலும் உடலுக்குள் செல்வது 8 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று குடும்பத்தார் திகைக்க, நோயாளி சொன்னபடி கேட்பதில்லை என்று மருத்துவர் சினக்க, குற்றம் எங்கிருக்கிறதென்று எவருக்கும் தோன்றுவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதப்பட்ட '20 யூனிட்' முற்றிலும் சரியானது! ஆகவே காகிதத்தைக் கொடுப்பது ஒப்படைத்தல் ஆகாது. வீட்டில் ஊசி போடப்போகும் உறவினர் தம் கையாலேயே குப்பியிலிருந்து மருந்தை இழுத்துக் காட்டி, செவிலியர் அதைக் கண்ணால் பார்த்த பின்னரே ஒப்படைப்பு நிறைவேறுகிறது. “புரிந்ததா?” என்று கேட்டால் நம் ஜனங்கள் மரியாதைக்காகவேனும் “புரிந்ததுங்க சிஸ்டர்” என்பார்கள், “நாளைக் காலையில் என்ன செய்வீர்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்” என்று கேட்டால்தான் உண்மை வெளிப்படும். இருதயம் பலவீனமானவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வதும் இத்தகையதே. குழம்பில் உப்பைக் குறைத்த கையே ஊறுகாயையும் அப்பளத்தையும் கருவாட்டையும் தட்டில் வைப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இவ்வாறு செய்வதால் பயன் உண்டா என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி நேலரும் அவர் குழுவினரும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 65 வயதுக்கு மேற்பட்ட 363 பேரை ஆராய்ந்தனர். உயர்பயிற்சி பெற்ற செவிலியர் சேர்க்கையிலேயே சந்தித்துத் திட்டம் வகுத்து, வீட்டுக்கும் சென்று கவனித்தவர்களுள் 24 வாரங்களில் மீண்டும் சேர்க்கப்பட்டோர் 20.3 சதவீதம், வழக்கமான முறையில் அனுப்பப்பட்டோரிடையே அது 37.1 சதவீதம். எனினும் இதை அப்படியே நம் வழக்காக்கிக் கொள்ள இயலாது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டில் நடந்துவருவது பெரும் அனுகூலமேயாயினும், வார்டிலிருந்து புறப்படும் செய்தி அந்தக் களப்பணியாளரின் கைக்குச் சேர வழி அமைந்தாலன்றி அது இக்குறையை நிரப்பாது.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். கட்டில்களுக்கு ஏற்ப நர்ஸுகள் இல்லாத வார்டில் இதற்கு நேரம் எங்கே என்பது முதலாவது. நியாயமான கேள்வி, ஆனால் துணைக்கு இருப்பவர் தங்கியிருக்கும் நாட்களிலேயே, ஊசி போடும்போதும் கட்டு மாற்றும்போதும் அவரை அருகில் அழைத்துச் செய்யச் சொல்லிப் பழக்கினால், கடைசி நாளில் ஒரு மணி நேரம் தேட வேண்டியதில்லை. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. குடும்பத்தாரைச் செவிலியரின் வாரிசாகக் கருதுவது, ஏற்கெனவே பெண்கள் மேல் ஊதியமின்றி விழும் பாரத்தை நியாயப்படுத்துவதாகாதா? அந்தப் பாரம் நாம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் அவர்கள் தோளில்தான் இருக்கிறது. அறியாமையோடு சுமக்கச் சொல்வதைவிட அறிவோடு சுமக்கச் செய்வது மேல் என்பதற்கு மேல் இதற்கு என்னால் பதில் கூற இயலவில்லை. அது முழுமையான பதில் அன்று.

மருத்துவர் சொல்லைக் கேளாமல், செலவுக்கு அஞ்சியோ வீட்டில் சாக விரும்பியோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களின் விஷயம் தனியே கவனிக்கத்தக்கது. கையெழுத்து வாங்கியவுடன் மருத்துவமனையின் பொறுப்பு தீர்ந்ததாக எண்ணும் வழக்கத்தால், இவர்களுக்கு மருந்துப் பட்டியலும் மறுபரிசோதனைத் தேதியும் கிடைக்காமல் போகலாம். கையில் செருகிய வென்ஃப்ளான் ஊசிக்குழாயைக்கூட எடுக்காமல் பஸ் ஏறிவிடுபவர்களும் உண்டு. எல்லாரிலும் அபாயத்துக்கு அருகில் இருப்பவர்கள் இவர்களே. எனவே எழுதி வாங்கும் அந்தப் படிவத்தின் மறுபக்கத்திலேயே, கொடுத்த மருந்தும் நேரமும், எந்தக் குறி கண்டால் உடனே திரும்பி வரவேண்டும் என்பதும் தமிழில் எழுதி, உடன் செல்பவரைத் திருப்பிச் சொல்லச் செய்து அனுப்பலாம். இதற்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை, வார்டுப் பொறுப்பு நர்ஸின் அதிகாரமே போதுமானது.