பூமாலை சூடிய கௌபாய்கள்... ஹவாய் 'பனியோலோ'க்களின் கதை தெரியுமா?

கௌபாய் என்றதும் உங்கள் மனதில் என்ன காட்சி ஓடும்? டெக்சாஸ் புழுதி, இடுப்பில் துப்பாக்கி, தூரத்தில் ஒரு கள்ளிச்செடி. அப்படித்தானே? இப்போது அந்தக் காட்சியில் சின்னச் சின்ன மாற்றங்கள் செய்யுங்கள். துப்பாக்கியை எடுத்துவிடுங்கள். தொப்பியைச் சுற்றி ஒரு பூமாலை கட்டுங்கள். கள்ளிச்செடி இருந்த இடத்தில், உச்சியில் பனி படிந்த ஓர் எரிமலையை வையுங்கள். கொஞ்சம் தள்ளி பசிபிக் கடல். குதிரைமேல் இருப்பவர் பாடிக்கொண்டிருப்பது ஹவாய் மொழிப் பாட்டு.

அவருக்குப் பெயர் 'பனியோலோ'. ஹவாயின் கௌபாய்!

ஹவாய் என்றாலே கடற்கரை, அலைச்சறுக்கு, ஹூலா நடனம் என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் கௌபாய் காலம் சூடுபிடிப்பதற்கு சுமார் 30 வருடங்களுக்கு முன்பே இந்தத் தீவுகளில் குதிரைமேல் இருந்து கயிறு வீசி மாடு பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டத்தட்ட இரண்டு நூற்றாண்டாகத் தொடரும் அந்த வாழ்க்கை, இனிமேலும் ஒரு பிழைப்பாக இருக்குமா, இல்லை திருவிழா ஊர்வலத்தில் மட்டும் பார்க்கிற விஷயமாகிவிடுமா என்பதுதான் இன்று அங்கே பெரிய கேள்வி.

பரிசாக வந்த வினை

1793-ல் பிரிட்டிஷ் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர், கலிபோர்னியாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த சில மாடுகளை ஹவாய் மன்னர் முதலாம் காமேஹாமேஹாவுக்குப் பரிசளித்தார். அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் மாடுகள் வந்தன. அதற்கு முன்னால் அந்தத் தீவுகளில் மாடு என்ற பிராணியே கிடையாது. 'இவை நன்றாகப் பெருகட்டும்' என்று நினைத்த மன்னர், யாரும் அவற்றைக் கொல்லக் கூடாது என்று தடை போட்டார். 'கபு' எனப்படும் இந்த மாதிரித் தடையை மீறினால் தண்டனை கடுமையாக இருக்கும்.

மாடுகள் பெருகின. எவ்வளவு? யாராலும் சமாளிக்க முடியாத அளவுக்கு! அவற்றை வேட்டையாடும் சிங்கமோ புலியோ தீவில் இல்லை. நீளக் கொம்புகள் கொண்ட காட்டு மாடுகள் சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளித் தோட்டங்களை மேய்ந்து அழித்தன. குடிசைகளைச் சாய்த்தன. மனிதர்களை முட்டின. வீட்டையும் தோட்டத்தையும் காப்பாற்றிக்கொள்ள மக்கள் கல்சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. மாடுகளைப் பிடிக்க மலைச்சரிவுகளில் குழி வெட்டி, மேலே இலை தழை மூடிவைத்தார்கள். அதிலும் ஆபத்து இருந்தது. 'டக்ளஸ் ஃபிர்' மரத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் டேவிட் டக்ளஸ், 1834-ல் மௌனா கியா எரிமலைச் சரிவில் இப்படியொரு குழிக்குள் இறந்துகிடந்தார். அதே குழிக்குள் ஒரு காளையும் இருந்தது.

இதற்கிடையில் ஜான் பால்மர் பார்க்கர் என்ற அமெரிக்க மாலுமி, 1809-ல் வந்த கப்பலிலிருந்து நழுவி இந்தத் தீவிலேயே தங்கிவிட்டார். காட்டு மாடுகளைச் சுட்டுப் பிடிக்க மன்னரிடம் அனுமதி வாங்கினார். மன்னரின் பேத்தி முறையான கிபிகானேவைத் திருமணம் செய்துகொண்டார். 1847-ல் வெறும் 2 ஏக்கரில் அவர் தொடங்கியதுதான் 'பார்க்கர் பண்ணை'. ஒரு காலத்தில் சுமார் 5 லட்சம் ஏக்கர் வரை அது விரிந்தது. இன்று சுருங்கிவிட்டது என்றாலும், சுமார் 1.3 லட்சம் ஏக்கர் மிச்சமிருக்கிறது.

'எஸ்பான்யோல்' எப்படி 'பனியோலோ' ஆனது?

1830-ல் மூன்றாம் காமேஹாமேஹா, மாடுகளைக் கொல்ல இருந்த தடையை நீக்கினார். தோலுக்கும் கொழுப்புக்கும் நல்ல விலை. துறைமுகத்துக்கு வரும் திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்கு உப்பிட்ட மாட்டிறைச்சி தேவைப்பட்டது. எல்லாம் சரி, முரட்டு மாடுகளை யார் பிடிப்பது? 1803-லேயே குதிரைகள் வந்துவிட்டன. ஆனால் குதிரைமேல் இருந்துகொண்டு மாட்டை மடக்கும் வித்தை அங்கே யாருக்கும் தெரியாது.

அப்போது மெக்சிகோவின் கையில் இருந்த கலிபோர்னியாவிலிருந்து சில 'வகேரோ'க்களை, அதாவது குதிரையேறி மாடு மேய்ப்பவர்களை மன்னர் வரவழைத்தார். அவர்கள் பேசியது ஸ்பானிஷ். அந்த மொழியின் பெயர் 'எஸ்பான்யோல்'. ஹவாய் மொழியில் 'ஸ்' ஒலி இல்லை, எந்தச் சொல்லும் மெய்யெழுத்தில் முடியாது. அதனால் 'எஸ்பான்யோல்' அவர்கள் வாயில் 'பனியோலோ' ஆனது. (எரிமலையின் பனிக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லைங்க!) முதலில் வெளிநாட்டு ஆசான்களைக் குறித்த சொல், கொஞ்ச காலத்தில் அவர்களிடம் தொழில் கற்ற உள்ளூர்க்காரர்களின் பெயராகிவிட்டது. பின்னாளில் கரும்புத் தோட்ட வேலைக்காகப் பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்களிலிருந்தும் பனியோலோக்கள் உருவானார்கள்.

மலையிலும் வேலை... கடலிலும் வேலை!

காட்டுக் காளையைப் பிடிப்பது எப்படி? இரவில் அது தண்ணீர் தேடி வரும் வழியில் காத்திருந்து, கயிறு வீசி மடக்கி, ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இரவு முழுக்க முட்டி மோதி அது களைத்துப்போகும். மறுபடி வந்து, பழகிய எருது ஒன்றோடு சேர்த்துக் கட்டுவார்கள். காளை எவ்வளவு முறைத்தாலும் எருதுக்குக் கவலையில்லை. அது தன் பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடக்கும், காளையும் கூடவே வந்துதான் ஆக வேண்டும்.

இதைவிட ஆச்சர்யம், கப்பலேற்றும் வேலை. ஹவாய்த் தீவின் பல கரைகளில் பெரிய கப்பல் அணையும் துறை கிடையாது. கப்பல் கொஞ்ச தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். பனியோலோ கரையில் ஒரு மாட்டுக்குக் கயிறு போட்டு, குதிரையோடு அப்படியே அலைக்குள் இறங்குவார். மாடும் குதிரையும் நீந்தி ஒரு படகை அடையும். அங்கே மாட்டின் தலையைப் படகின் விளிம்போடு சேர்த்துக் கட்டுவார்கள். இருபக்கமும் மாடுகள் நிறைந்ததும் படகு கப்பலை நோக்கிப் போகும். வயிற்றில் அகலமான பட்டை கட்டி, மாடுகளை ஒவ்வொன்றாக அந்தரத்தில் தூக்கிக் கப்பலுக்குள் இறக்குவார்கள். உப்புத்தண்ணீர், பாறை, சுறா... எல்லாம் அன்றாடம் சந்திக்கிற ஆபத்துகள். கவாய்ஹே, கைலுவா போன்ற கரைகளில் 20-ம் நூற்றாண்டிலும் இப்படித்தான் நடந்தது.

இரவல் குதிரையில் வென்றவர்

1893-ல் ஹவாய் முடியாட்சி கவிழ்க்கப்பட்டது. 1898-ல் தீவுகளை அமெரிக்கா இணைத்துக்கொண்டது. அதற்குப் பத்து வருடங்கள் கழித்து, 1908-ல், வயோமிங் மாநிலத்தின் ஷயான் நகரில் நடந்த புகழ்பெற்ற ரோடியோ போட்டிக்கு ஹவாயிலிருந்து மூன்று பேர் கிளம்பிப்போனார்கள்: இக்குவா பர்டி, ஆர்ச்சி காவுவா, ஜாக் லோ. அவர்களை அனுப்ப ஏற்பாடு செய்தவர் எபன் லோ. ஒரு விபத்தில் தன் இடது கையை இழந்த பண்ணையாளர் அவர்.

தொப்பியில் பூமாலையோடு வந்தவர்களை ஊர் வேடிக்கை பார்த்தது. அவர்களுக்குச் சொந்தக் குதிரைகூட அங்கே இல்லை, இரவல் குதிரைகள்தான். இறுதிச் சுற்றில் இக்குவா பர்டி காளையைக் கயிறு வீசிப் பிடித்து, சாய்த்து, காலைக் கட்டி முடிக்க எடுத்துக்கொண்டது 56 விநாடிகள். உலக சாம்பியன்! காவுவாவுக்கு மூன்றாம் இடம், ஜாக் லோவுக்கு ஆறாம் இடம்.

நாட்டைப் பறிகொடுத்த வலி ஆறாத மக்களுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'வாயோமினா' என்று வயோமிங்கின் பெயரிலேயே ஹவாய் மொழியில் ஒரு பாடல் பிறந்தது. 1999-ல் பர்டியின் பெயர் அமெரிக்காவின் தேசிய ரோடியோ புகழ்க் கூடத்தில் சேர்க்கப்பட்டது. வைமியா ஊரில் அவர் கயிறு வீசும் சிலை இன்றும் நிற்கிறது.

பனியோலோ வாழ்க்கை... ஒரு குட்டி அகராதி

*லே:* பூக்களாலும் இலைகளாலும் தொடுக்கும் மாலை. கழுத்தில் மட்டுமல்ல, தொப்பியைச் சுற்றியும் கட்டிக்கொள்வார்கள். முரட்டு வேலை செய்யும் ஆண்களும் இதை வெட்கப்படாமல் அணிவார்கள், தங்கள் கையாலேயே கட்டவும் செய்வார்கள்.

*காவுலா இலி:* பதப்படுத்தாத மாட்டுத்தோலை வார் வாராகக் கிழித்துப் பின்னும் கயிறு. ஒரு நல்ல கயிறு பின்னுவதற்குப் பொறுமை வேண்டும். பின்னத் தெரிந்தவர்கள் இன்று குறைவு.

*கீ ஹோஆலு:* வகேரோக்கள் கொண்டுவந்த கிட்டார், ஹவாய்க்காரர்களின் கைக்கு வந்ததும் வேறாகிவிட்டது. தந்திகளைத் தளர்த்தி, தங்களுக்குப் பிடித்த மாதிரி சுருதி சேர்த்து, விரலால் மீட்டினார்கள். சாவியைத் தளர்த்துவது என்பதுதான் பெயருக்கே அர்த்தம். குடும்பத்துக்குக் குடும்பம் சுருதி மாறும். அதை வெளியாளுக்குச் சொல்லித்தராமல் ரகசியமாக வைத்திருந்தவர்களும் உண்டு.

*பிப்பிகாவுலா:* மாட்டிறைச்சியை நீள வாக்கில் அரிந்து, உப்பும் சோயா சாஸும் சேர்த்து உலர்த்துவது. உப்புக்கண்டம் என்றால் உங்களுக்குச் சட்டெனப் புரியும். மேய்ச்சலுக்குப் போகும்போது கெடாமல் இருக்கும்.

*பாஉ:* பெண்கள் குதிரையேறும்போது இடுப்பில் சுற்றும் நீளமான துணி. ஊசியோ பின்னோ இல்லாமல், குக்குயி கொட்டைகளைச் செருகியே அதை நிறுத்துவார்கள். பெண்கள் ஒருபக்கமாக உட்கார்ந்து சவாரி செய்யும் மேற்கத்திய வழக்கம் இங்கே எடுபடவில்லை. இருபக்கமும் கால் போட்டு, சரிசமமாகவே குதிரை ஓட்டினார்கள். ஜூன் 11, மன்னர் காமேஹாமேஹா தின ஊர்வலங்களில் ஒவ்வொரு தீவின் பூவும் நிறமும் அணிந்து வரும் பாஉ சவாரிக்காரிகள்தான் சிறப்பு.

நிலம் யாருடையது?

இத்தனை அழகுக்கும் நடுவில் ஓர் உறுத்தலும் உண்டு. 1848-ன் 'மஹேலே' நிலப் பங்கீட்டுக்குப் பிறகு ஹவாயில் நிலம் தனிச்சொத்தானது. அதில் பெரும்பகுதி மெல்ல மெல்லப் பெரிய பண்ணைகளின், வெளியாட்களின் கைக்குப் போனது. காலமெல்லாம் அந்த மண்ணில் குதிரை ஓட்டிய பனியோலோக்களில் பெரும்பாலோர் கூலிக்காரர்கள்தான். பூர்வகுடி ஹவாய் மக்களுக்கு நிலம் தருவதற்காக 1921-ல் ஒரு சட்டம் வந்தது. வருடத்துக்கு 1 டாலர் வாடகை, 99 வருடக் குத்தகை. வைமியா பக்கம் சில குடும்பங்கள் மேய்ச்சல் நிலம் பெற்றன. ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இன்றும் பல்லாயிரம் பேர். நிலம் கிடைக்காமலே காலமானவர்களும் அதில் உண்டு.

நிலத்தின் விலையோ வானத்தில். மாடுகள் கடலில் இறங்கிய கவாய்ஹேவுக்குப் பக்கத்திலேயே, பார்க்கர் பண்ணையிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில், 1965-ல் மௌனா கியா பீச் ஹோட்டல் திறக்கப்பட்டது. அதன்பிறகு அந்தக் கரை சொகுசு விடுதிகளின் கரையானது. மொலோகாய் தீவில் இருந்த பெரிய பண்ணை 2008-ல் தன் செயல்பாடுகளை மூடியபோது பலர் வேலை இழந்தார்கள். ஓவாஹு தீவின் குவாலோவா பண்ணைக்கு 'ஜுராசிக் பார்க்' படப்பிடிப்பு நடந்த இடம் என்பதுதான் இப்போது அடையாளம். மாடுகள் இன்னும் இருக்கின்றன, ஆனால் சுற்றுலாவும் சேர்ந்துதான் பண்ணையைத் தாங்குகிறது.

கன்று வெளியே... கறி உள்ளே

இன்றைய பொருளாதாரம் இன்னும் விசித்திரம். ஹவாயில் பிறக்கும் கன்றுகளில் பெரும்பாலானவை, பால் மறந்ததும் கப்பலில் ஏற்றப்பட்டு அமெரிக்க நிலப்பகுதிக்குப் போகின்றன. மாட்டுக்கெனவே செய்த கன்டெய்னர்களில் சுமார் ஒரு வாரக் கடல் பயணம். அங்கே கொழுக்க வளர்த்து அறுக்கிறார்கள். ஹவாய் மக்கள் சாப்பிடும் மாட்டிறைச்சியில் பெரும்பகுதி அதே கடல் வழியாக வெளியிலிருந்து வருகிறது!

ஏன் இப்படி? தீவில் மாட்டுத்தீவனத் தானியம் விளைவதில்லை, கப்பலில் வரவழைத்தால் கட்டுப்படியாகாது. 1990-களில் பெரிய தீவன மையமும் அறுப்புக்கூடமும் மூடப்பட்டதும் நிலைமை மோசமானது. கன்றை அனுப்பும்போது லாபத்தின் பெரிய பங்கும் கூடவே போய்விடுகிறது. அதனால் புல்லில் மட்டுமே வளர்த்து, உள்ளூரிலேயே அறுத்து, உள்ளூரிலேயே விற்கும் முயற்சியில் பல பண்ணைகள் இறங்கியிருக்கின்றன.

அடுத்த சவால், வறட்சியும் தீயும். 2021-ல் ஹவாய்த் தீவில் பிடித்த தீ 40,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 2023 ஆகஸ்டில் மாயி தீவின் லஹைனா நகரம் எரிந்து 100 பேருக்கு மேல் இறந்ததை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். கைவிடப்பட்ட தோட்ட நிலங்களில் காய்ந்து நின்ற வெளிநாட்டுப் புற்கள் தீயை வளர்த்தன. அந்தப் புல் வகைகளில் சில, மாட்டுத்தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்டவைதான். 'மாடு மேய்ந்தால் புல் குறையும், தீ அடங்கும்' என்கிறார்கள் பண்ணையாளர்கள். 'பூர்வீகக் காடுகளை அழித்ததே இந்த மாடுகள்தானே' என்கிறார்கள் காடு காப்பவர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. சில பண்ணைகள் மேல்சரிவுகளில் வேலி போட்டு, 'கோவா' மரங்களைத் திரும்ப வளர்க்கத் தொடங்கியிருக்கின்றன. முன்பு மாடு மட்டும் பார்த்த பனியோலோ இன்று வேலி, தண்ணீர்க் குழாய், மரக்கன்று எல்லாவற்றையும் பார்க்கிறார். குதிரையோடு நான்கு சக்கர மோட்டார் வண்டியும் ஓட்டுகிறார்.

போனால் என்ன பார்க்கலாம்?

ஹவாய் போகும் வாய்ப்பு அமைந்தால், கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். ஹவாய்த் தீவின் வைமியாவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். சில்லென்ற சாரலும் பச்சைக் குன்றுகளுமாக, நீங்கள் கேள்விப்பட்ட ஹவாய்க்குச் சம்பந்தமே இல்லாத ஊர் அது. பழைய புகலானி குதிரை லாயத்தில் பனியோலோ வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜூலை 4-ஐ ஒட்டிப் போனால் வைமியாவிலும், மாயி தீவின் மகவாவோவிலும் ரோடியோ பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் கயிறு வீசுவதையும் பார்க்கலாம்.

நீங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுபவர் என்றால் இன்னொன்று. உணவகத்தில் உட்கார்ந்ததும், 'இது இந்தத் தீவில் வளர்ந்த மாடா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசில் ஒரு பங்கு, நாளைக் காலையிலும் குதிரைக்குச் சேணம் கட்டப்போகும் ஒருவரின் சம்பளத்துக்குப் போகும்.