அழைப்பு ஒருவருக்கு, பயணம் இன்னொருவருக்கு

1908ஆம் ஆண்டு. திருவனந்தபுரத்துப் பக்கம் செடிகொடிகளைச் சேகரித்துத் திரிந்த வால்டர் ஸ்ட்ரிக்லாண்ட் என்ற ஆங்கிலேயர், ஊருக்குக் கிளம்பும்போது கூட வரும்படி அழைத்தது பத்மநாப பிள்ளையைத்தான். அவருடைய உறவினர் செண்பகராமன் தானும் வருவதாக ஒட்டிக்கொண்டவர். கப்பல் கொழும்பைத் தொட்டதும் அழைக்கப்பட்டவர் மனம் மாறி இறங்கி, ஊர் திரும்பிவிட்டார். ஒட்டிக்கொண்ட பையன் ஐரோப்பா போய்ச் சேர்ந்தான். வயது 17.

நாஞ்சில் நாட்டு வேளாளரான சின்னசாமிப் பிள்ளை, நாகம்மாள் தம்பதியின் மகனை ஒரு வெள்ளைக்காரர் ஏன் கூட்டிப்போக வேண்டும்? ஸ்ட்ரிக்லாண்டின் கதை தெரிந்தால் மர்மம் பாதி கரைந்துவிடும். பரம்பரைப் பட்டம் பெற்ற பிரபு. ஆனால் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் என்றாலே ஆகாது. 1923இல் குடியுரிமையையே உதறி, செக்கோஸ்லோவாக்கியக் குடிமகனானவர்.

செண்பகராமன் சூரிச்சில் பொறியியல் படித்தார். 1914 செப்டம்பரில் அங்கேயே இந்திய ஆதரவு சர்வதேசக் குழுவைத் தொடங்கினார். அதே மாதம் 22ஆம் தேதி ஜெர்மனியின் எம்டன் போர்க்கப்பல் சென்னைமீது குண்டு வீசியது. அதில் அவர் இருந்தார் என்று நம்மூரில் இன்றும் அடித்துச் சொல்வார்கள். சூரிச்சில் குழு நடத்தியவர் அதே நேரம் வங்கக் கடலில் எப்படி இருந்திருப்பார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கதை இல்லாமலேயே அவர் பெரிய ஆள். 1915 டிசம்பரில் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அமைத்த தற்காலிக இந்திய அரசில் வெளியுறவுப் பொறுப்பு அவருக்குத்தான்.

பின்னாளில் ஜெர்மனியில் ஹிட்லரிடம் மோதியதும் அவர் வாழ்க்கை நெருக்கடிக்குள்ளானது. 1934 மே மாதம் பெர்லினில் இறந்தார். நஞ்சூட்டப்பட்டார் என்ற சந்தேகம் அன்றே எழுந்தது. இன்றும் அது சந்தேகம்தான்.

தம் சாம்பலில் ஒரு பங்கைத் தாயின் அஸ்தி கரைந்த கரமனை ஆற்றிலும், மறுபங்கை நாஞ்சில் நாட்டு வயல்களிலும் சேர்க்கச் சொல்லியிருந்தார். மனைவி லட்சுமிபாய் 1935இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். 31 ஆண்டுகள் பாதுகாத்தார். 1966 செப்டம்பரில்தான் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு அதை ஏற்றி வந்தது.

அவர் கிளம்பியபோது கரமனையும் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் என்ற ஒரே சமஸ்தானம். சாம்பல் வந்தபோது ஆறு கேரளத்தில், வயல்கள் தமிழகத்தில். 1956 நவம்பர் 1இல் எல்லை பிரிந்திருந்தது.