தப்தப்: பயணியின் கை வைத்த பெயர்

ஹைட்டியின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸில் பயணி எங்கே இறங்க நினைக்கிறாரோ அதுதான் நிறுத்தம். சிறு சரக்கு வண்டியின் பின்தட்டில், இரு பக்கமும் நீளவாக்கில் போட்ட பலகைகளில் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பவர்கள், தங்கள் இடம் வந்ததும் பக்கத் தகரத்தில் கையாலோ ஒரு நாணயத்தாலோ தட்டுகிறார்கள். 'மெசி, ஷோஃபே', அதாவது 'நன்றி, ஓட்டுநரே' என்று குரல் கொடுப்பதும் உண்டு. அந்த இடத்தில் நன்றி என்றால் நிறுத்துங்கள் என்று பொருள். வண்டி ஓரங்கட்டுகிறது, இறங்கியவர் காசைக் கொடுத்துவிட்டு நடக்கிறார். ஹைட்டி நாடு முழுவதும் இந்த வண்டிக்குப் பெயர் தப்தப்.

ஹைட்டி மக்கள் பேசும் கிரியோல் மொழியில் 'தப்தப்' என்றால் சட்டென்று, உடனே என்றும் பொருள் உண்டு. அதனால் வண்டியின் பெயருக்கு இரண்டு வரலாறுகள் சொல்கிறார்கள். விரைந்து போவதால் வந்த பெயர் என்பது ஒன்று. தகரத்தில் தட்டும் ஓசையால் வந்தது என்பது மற்றொன்று. நம் இலக்கணம் இங்கே நன்றாகக் கைகொடுக்கிறது. முதல் விளக்கம் சரியென்றால் தப்தப் ஓர் அடுக்குத்தொடர். 'ஓடு ஓடு' என்பதுபோல விரைவு காட்ட அடுக்கியது. இரண்டாவது சரியென்றால் அது இரட்டைக்கிளவி. 'சலசல', 'தடதட' போல ஓசையையே சொல்லாக்கியது. கிரியோலில் இப்படி இரட்டித்து வரும் சொற்களுக்குக் குறைவில்லை. 'வித் வித்' என்றால் விரைவாக, 'பித்தி பித்தி' என்றால் சிறிது சிறிதாக. கையால் ஓங்கித் தட்டுவதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'தாப்' என்கிறார்கள், கிரியோலிலும் அந்த வேர் இருக்கிறது. தமிழ்க் காதுக்குத் தப்பும் தப்படித்தலும் நினைவுக்கு வரும். அதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது. அடிக்கிற ஓசையைத் தொலைதூர மொழிகள் தனித்தனியாகவே ஒரே மாதிரி பிடித்துவைக்க முடியும்.

நான் தட்டுதல் பக்கம் நிற்கிறேன். ஆள் நிறையும்வரை புறப்படாமல், பத்து வீடு தாண்டும் முன்பே மறுபடி நிற்கிற வண்டிக்கு விரைவு அடையாளமாகாது. கழுதையோடு ஒப்பிட்டால் விரைவுதான் என்று ஒருவர் வாதாடலாம், அது நியாயமும்கூட. ஆனால் ஹைட்டியின் போக்குவரத்துச் சொற்களை வரிசையாக எடுத்துப் பார்க்கும்போது இன்னொன்று தெரிகிறது. ஏறக்குறைய எல்லாமே வெளியிலிருந்து, பெரும்பாலும் சுமக்க வைத்தவர்களின் வாயிலிருந்து, வந்தவை. தப்தப் மட்டும் ஏறி உட்கார்ந்தவர்கள் தாங்களே செய்துகொண்ட சொல்.

படகிலிருந்து தொடங்குவோம். ஹைட்டி என்ற பெயர் அந்தத் தீவின் தைனோ மக்கள் வைத்தது. மலைநாடு என்று பொருள். மரத்தைக் குடைந்து செய்த படகை அவர்கள் 'கனோவா' என்றார்கள். 1492இல் கொலம்பஸ் வந்தபின் அந்தச் சொல் ஸ்பானிய மொழிக்குள் புகுந்து, பிரெஞ்சில் 'கனோ' ஆகி, இன்று ஹைட்டிக் கடற்கரையில் 'கனோத்' என்று வழங்குகிறது. சொல் ஊர் திரும்பியபோது அதைச் சொன்னவர்கள் அங்கே இல்லை. கட்டாய உழைப்பும் கொள்ளைநோயும் சில பத்தாண்டுகளுக்குள் தைனோ சமூகத்தை ஏறக்குறைய அழித்துவிட்டன.

கழுதையும் குதிரையும் ஸ்பானியர் கப்பலில் வந்தவை. ஸ்பானிய 'பொர்ரிக்கோ' பிரெஞ்சில் 'பூரிக்' ஆயிற்று, கிரியோல் அதை அப்படியே வைத்துக்கொண்டது. உழைப்பது கழுதை, சரிகைப் பட்டை குதிரைக்கு என்று ஹைட்டியில் ஒரு பழமொழி உண்டு. அதை யார் முதலில் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் கரும்பு ஏற்றிய வண்டி 'கப்வெத்'. 1804 ஜனவரி 1இல் அந்த அடிமைகள் தங்கள் நாட்டை விடுதலை பெற்றதாக அறிவித்தார்கள். தோட்ட முதலாளிகள் போனார்கள், வண்டியும் அதன் பெயரும் தங்கிவிட்டன.

வண்டியும் விலங்கும் இல்லாதவர்களுக்குத் தலை இருந்தது. துணியைச் சுருட்டித் தலையில் வைக்கும் சும்மாட்டுக்கு அங்கே 'த்வொகெத்' என்று பெயர். மலைக் கிராமத்திலிருந்து வாழைத்தாரும் கிழங்கும் பீன்ஸும் நகரச் சந்தைக்கு வருவது நெடுங்காலம் இந்தச் சும்மாட்டின் மேல்தான். 'இது சும்மாடுதான், சுமை பின்னால் வருகிறது' என்று பேச்சில் அடிக்கடி சொல்வார்கள். வரப்போகும் துன்பத்துக்கு இது முன்னோட்டம் என்று பொருள். எந்தத் தமிழ்ப் பாட்டியும் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்வார். விளைச்சலை ஊர் ஊராக வாங்கித் திரட்டி நகரத்தில் விற்கும் பெண் வணிகர்களை மதான் சாரா என்கிறார்கள். கூட்டமாகத் திரிந்து ஓயாமல் சத்தமிடும் ஒரு தூக்கணாங்குருவி இனத்தின் பெயர் அது. ஹைட்டியின் உணவு வணிகம் இந்தப் பெண்கள் தோளில் நிற்கிறது. லாரி வந்தபிறகும் அவர்கள் பயணம் எளிதாகிவிடவில்லை. மூட்டைக்குக் காவலாக, லாரியின் உச்சியில், மூட்டைகளின் மேலேயே உட்கார்ந்துதான் வருகிறார்கள்.

ரயிலுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். 1910இல் மெக்டொனால்டு என்ற அமெரிக்கருக்கு, தலைநகரிலிருந்து வடக்கே காப்-ஹைட்டியன்வரை பாதை போட உரிமை கொடுத்தார்கள். பாதையோரம் வாழை பயிரிட நிலத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்றோடொன்று சேராத மூன்று துண்டுகளோடு வேலை நின்றது. கரும்பாலை ரயில்கள் அதற்குப் பிறகும் ஓடின. பெரிய சர்க்கரை ஆலையான ஹாஸ்கோ 1987இல் மூடியது. மக்கள் பேச்சில் ரயில் ஆழமாக வேர் விடவில்லை.

சாலை அப்படியில்லை. அதன் பெயரோடு ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது: 'கோவே'. பிரபுவுக்குக் குடியானவன் கூலியில்லாமல் செய்யும் கட்டாய வேலைக்குப் பழைய பிரான்சில் வழங்கிய 'கொர்வே' என்ற சொல் இது. நம் ஊரில் வெட்டி வேலை என்பார்கள். குடியானவர்கள் தங்கள் ஊர்ச் சாலையைத் தாங்களே பராமரிக்க வேண்டும் என்று ஹைட்டியின் 1864ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விதி தூங்கிக் கிடந்தது. 1915இல் ஹைட்டியைப் பிடித்த அமெரிக்கப் படை 1916இல் அந்த விதியைத் தட்டி எழுப்பியது. காவல்படைத் தலைவராக இருந்தவர் ஸ்மெட்லி பட்லர். ஊர்ச் சாலை என்ற வரம்பு காணாமல் போயிற்று. ஆட்களைக் கயிற்றில் பிணைத்து வெகுதூரம் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அடிமை வாழ்வை உடைத்தெறிந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் கயிறு என்னவாகத் தோன்றியிருக்கும்! 1918இல் கோவேயை நிறுத்துவதாக அறிவித்தார்கள், ஆனால் ஷார்ல்மான் பெரால்த் தலைமையில் மலைகளில் கிளர்ச்சி மூண்டுவிட்டது. 1919இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். போர்ட்-ஓ-பிரின்ஸுக்கும் காப்-ஹைட்டியனுக்கும் இடையே மோட்டார் வண்டி ஓடும் சாலை இப்படி உருவானது.

அந்தச் சாலையில் 'கமியோன்' வந்தது, அதன் சிறிய உருவமாகக் 'கமியோனெத்' வந்தது, இரண்டும் பிரெஞ்சு. டயருக்குக் கிரியோலில் 'கவுச்சூ', ரப்பருக்கும் அதே சொல். தென்னமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து பிரெஞ்சு வாங்கிய பெயர் அது. இதற்கும் ஒரு துயரம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஆசிய ரப்பர் ஜப்பான் கைக்குப் போனதும், அமெரிக்கப் பணத்தில் 1941இல் தொடங்கிய ஷாடா என்ற நிறுவனம் ஹைட்டியில் ரப்பர்ப்பால் கொடியை நடத் தொடங்கியது. குடியானவர்களின் நிலத்தை எடுத்து, பழமரங்களை வெட்டினார்கள். கொடி எதிர்பார்த்த பால் தரவில்லை. 1944இல் திட்டத்தைக் கைவிட்டார்கள், வெட்டிய மாமரங்கள் வெட்டியவைதான்.

இவற்றுக்கு நடுவே தப்தப் என்ற சொல்லைக் கேட்கும்போது மனம் நிமிர்கிறது. பெயரைப் போலவே வண்டியும் உள்ளூர்க் கைவேலை. வெளிநாட்டில் ஓடித் தேய்ந்த பிக்கப் வண்டியின் அடிச்சட்டமும் எஞ்சினும் மட்டுமே இறக்குமதி. கூரை, பலகை, பக்கச் சட்டம், ஏறும் படி எல்லாவற்றையும் தெருவோரப் பட்டறையில் தச்சரும் வெல்டரும் செய்கிறார்கள். பிறகு ஓவியர் வருகிறார். இயேசு, சிங்கம், பாப் மார்லி, கால்பந்து வீரர்கள் என்று வண்டியில் ஒரு கையளவு இடமும் வெறுமையாக விடமாட்டார். முன்நெற்றியில் 'கடவுள் நல்லவர்' என்பதுபோல ஒரு வாசகம், அல்லது பைபிள் சங்கீதம் ஒன்றின் எண். பிரேசில் வீரர்களின் முகம் அடிக்கடி தென்படக் காரணம் உண்டு. 2004 ஆகஸ்டில் பிரேசில் அணி போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு வந்து ஆடியது. சொந்த அணி 6-0 என்று தோற்றும் ஊரே கொண்டாடியது.

இந்த வண்ணத்தை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவோரை என்னால் ஏற்க முடிவதில்லை. ஹைட்டியின் பெரிய ஓவியர்களில் ஒருவரான எக்தோர் இப்பொலித் வெளிச்சத்துக்கு வந்தது சாலையோரத்தில்தான். மோன்ரூயி என்ற ஊரில் ஒரு மதுக்கடைக் கதவில் அவர் தீட்டியிருந்த பூக்களையும் பறவைகளையும் வழியில் கண்டு, டெவிட் பீட்டர்ஸ் என்ற அமெரிக்கர் அவரைத் தேடிக் கண்டுபிடித்தார். பீட்டர்ஸ் 1944இல் தொடங்கிய ஓவிய நிலையம் அவரை உலகுக்குக் காட்டியது. கடைக்கதவு, பெயர்ப்பலகை, வண்டி என்ற அதே மரபில்தான் தப்தப் ஓவியரும் நிற்கிறார். இன்னொன்றும் உண்டு. கிரியோலுக்குச் சீரான எழுத்துமுறை 1979இல்தான் அமைந்தது. பிரெஞ்சோடு ஆட்சிமொழியாக அரசியலமைப்பு ஏற்றது 1987இல். பள்ளியும் நீதிமன்றமும் பிரெஞ்சில் நடந்த நாட்டில், பேச்சுமொழி எல்லார் கண்ணிலும் படும்படி எழுதப்பட்ட இடங்களில் வண்டியின் நெற்றியும் ஒன்று.

தப்தப்பைச் சுற்றி இன்னும் சில சொற்கள். முன்கண்ணாடியில் சிவப்பு நாடா தொங்கினால் அது 'பிப்லிக்', ஆள் சேர்த்து ஏற்றும் வாடகைக் கார். ஒரு சவாரிக்கான கட்டணம் 'கூஸ்'. காசில்லாமல் யாராவது ஏற்றிக்கொண்டு போனால் அது 'வூலிப்'. மிதிக்காமலே சக்கரம் உருள்வதற்குப் பிரெஞ்சில் இருக்கும் சொல்லிலிருந்து வந்தது. கட்டணத்தை 'டாலரில்' சொல்வார்கள். நாட்டின் பணம் கூர்த்; ஐந்து கூர்த் ஒரு ஹைட்டி டாலர். அப்படி ஒரு நோட்டும் கிடையாது, நாணயமும் கிடையாது. அமெரிக்க டாலருக்கு ஐந்து கூர்த் என்று மதிப்பு நிலைத்திருந்த காலத்தின் கணக்கு, மதிப்பு சரிந்த பிறகும் நாக்கில் தங்கிவிட்டது.

கடந்த இருபது ஆண்டுகளில் மோட்டார்சைக்கிள் வாடகை வண்டி பெருகிவிட்டது. பெயர் 'மோட்டோ'. பள்ளமும் மேடுமான சந்துகளில் அது நுழையும், தப்தப் நுழையாது. ஆனால் ஓட்டுநரின் முதுகை ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்குத் தட்டத் தகரம் வேண்டியதில்லை, பெயரும் கிரியோல் மண்ணில் பிறக்காமல் ஆயத்தமாகவே வந்து சேர்ந்தது.

எரிபொருள்தான் தப்தப்பின் உயிர்நிலை. 2018 ஜூலை 6 அன்று, உலகக் கோப்பையில் பிரேசிலும் பெல்ஜியமும் ஆடிக்கொண்டிருந்த நேரத்தில், அரசு பெட்ரோலுக்கு 38 சதவீதமும் டீசலுக்கு 47 சதவீதமும் மண்ணெண்ணெய்க்கு 51 சதவீதமும் விலை உயர்த்தியது. பிரேசில் தோற்றதும் தெருக்கள் எரிந்தன. மறுநாளே உயர்வைத் திரும்பப் பெற்றார்கள், அடுத்த வாரம் பிரதமர் பதவி விலகினார். 2019இல் 'பேயி லாக்' என்ற சொல் எல்லார் வாயிலும் ஏறியது. பூட்டிய நாடு என்று பொருள்: சாலைகளை மறித்து, பள்ளியும் கடையும் அடைத்துக் கிடந்த மாதங்கள். 2022 இலையுதிர்காலத்தில் ஓர் ஆயுதக் குழுக் கூட்டணி வாரே எரிபொருள் முனையத்தை மறித்தபோது நாடே மறுபடி முடங்கியது.

தலைநகரிலிருந்து தெற்கே போகும் சாலை மார்த்திசான் பகுதி வழியாகச் செல்கிறது. 2021 ஜூனில் ஆயுதக் குழுக்களின் மோதல் அங்கே வெடித்தது முதல், தென்பகுதி மாவட்டங்கள் தலைநகரிடமிருந்து அறுபட்டுக் கிடக்கின்றன. வடக்கே போகும் சாலையிலும் துப்பாக்கி ஏந்தியவர்கள் வண்டியை மறித்துச் சுங்கம் வாங்குகிறார்கள். ஓட்டுநர் அதைக் கட்டணத்தில் ஏற்றுகிறார், மதான் சாரா மூட்டையின் விலையில் ஏற்றுகிறார், தலைநகரில் வாழைக்காய் வாங்குகிறவர் கடைசியில் அதைக் கொடுக்கிறார்.