கிண்டி முதல் ஒரகடம் வரை

சிறுதொழிலுக்கு அரசு எவ்வாறு துணை நிற்க வேண்டும் என்னும் கேள்வி நேற்று எழுந்ததன்று. நூறாண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் அது விவாதிக்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துக்கு ஏற்ற ஒரு விடையைக் கூறிற்று. அந்த விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தகரக் கூரையின் கீழ் இயங்கும் சிறு பட்டறைகளின் நிலை நமக்கு நன்கு விளங்கும்.

முதல் விடையைக் கூறியவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியியல் பேராசிரியர். 1898-ஆம் ஆண்டில் அவர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரங்கள் செய்யும் வேலையைத் தொடங்கினார். ஒரு புதுத் தொழிலை அரசே முதலில் செய்து காட்டவேண்டும்; அது நிலைபெற்ற பின் தனியாரிடம் ஒப்புவித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. அவ்வாறே 1903-இல் அலுமினிய வேலை ஒரு தனியார் கம்பெனியின் கைக்கு மாறிற்று. பின்னர்க் குரோம் முறையில் தோல் பதனிடுவதையும் அவர் செய்து காட்டினார். 1908-இல் உதகமண்டலத்தில் கூடிய தொழில் மாநாடு இம்முயற்சிகளை ஆதரித்தது. ஆயினும் ஐரோப்பிய வணிகர்களுக்கு இது பிடிக்கவில்லை. அரசு எங்களுக்குப் போட்டியாக வருவதா என்று முறையிட்டனர். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு, தொழிலைக் கற்பிப்பதோடு அரசு நின்றுகொள்ள வேண்டும். வணிகத்தில் இறங்கலாகாது என்று 1910-இல் தீர்ப்புக் கூறினார்.

அந்தத் தீர்ப்பை உலகப் போர் மாற்றியது. கடல் கடந்து வந்த பொருள்கள் நின்றபோது, உள்நாட்டுத் தொழிலின்றி வாழ முடியாது என்பதை அரசினர் உணர்ந்தனர். 1916 முதல் 1918 வரை இந்தியத் தொழிற்குழு நாடெங்கும் விசாரணை நடத்தியது. அதன் பயனாகச் சென்னை மாகாணத்தில் தொழில்களுக்கு அரசு உதவி அளிப்பதற்கான 1922-ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. இது இரண்டாவது விடை: கடன் கொடுத்தல். ஆனால் கடன் என்றால் ஈடு வேண்டும். கைத்திறனையே சொத்தாக உடைய கம்மியன் எதை ஈடு காட்டுவான்? உள்ளவனுக்கே கடன் கிடைக்கும் என்னும் குறை அன்று முதல் இன்று வரை நம்மை விடவில்லை.

விடுதலைக்குப் பின் வந்த மூன்றாவது விடை இந்தக் குறையை நேராகவே தாக்கியது. 1955-இல் அமைந்த தேசியச் சிறுதொழில் கார்ப்பொரேஷன் யந்திரங்களைத் தவணை முறையில் கொடுத்தது. தவணை தீரும் வரை யந்திரமே ஈடாக நின்றது. நிலமில்லாதவனும் லேத் ஒன்றுக்கு உடையவனாகலாம் என்ற நிலை வந்தது. அடுத்து இடம். 1958-இல் கிண்டியில் 404 ஏக்கர் பரப்பில் தொழிற்பேட்டை எழுந்தது. அப்போது காமராசர் முதலமைச்சர், ஆர். வெங்கட்ராமன் தொழில் அமைச்சர். அரசே நிலத்தை வாங்கிச் சாலை போட்டு, நீரும் மின்சாரமும் கொண்டுவந்து, கொட்டகைகளையும் கட்டிச் சிறுதொழில் செய்வோரிடம் ஒப்படைத்தது. வரைபடம் பார்க்கவும் அளவு பிழையாது வேலை செய்யவும் கற்பிக்கச் சிறுதொழில் சேவை நிலையங்கள் ஏற்பட்டன. சாட்டர்டன் எண்ணியதும், 1922-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணியதும் கிண்டியில் ஒன்றுசேர்ந்தன எனலாம். கல்வி, யந்திரம், இடம் என்னும் மூன்றும் ஒரே வாசலில் கிடைத்தன.

அறுபதுகளில் எழுந்த அம்பத்தூர்ப் பேட்டை இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதற்குக் காரணம் அதன் சூழல். பக்கத்திலே பாடியில் டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகள், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை, எண்ணூரில் அசோக் லேலண்ட். ஒரு பட்டறைக்காரர் திங்களன்று ரயில் பெட்டிக்கு ஓர் உறுப்பும் வியாழனன்று லாரிக்கு ஓர் உறுப்பும் கடைந்து கொடுக்கலாம். ஒருவர் பணம் தரத் தாமதித்தால் மற்றொருவர் கொடுப்பார். பெரிய ஆலைகளில் பழகிய பொறியாளர்களும் ஃபிட்டர்களும் வெளியே வந்து சொந்தமாகப் பட்டறை வைத்தார்கள். வாங்குவோர் பலர் இருந்தமையே அம்பத்தூருக்குப் பெரும் பாதுகாப்பாக அமைந்தது.

இடையில் அரசு மற்றொரு வழியையும் மேற்கொண்டது. 1967-இல் 47 பொருள்களைச் சிறுதொழிலுக்கென்றே ஒதுக்கி வைத்தது. எண்பதுகளில் அப்பட்டியல் எண்ணூறுக்கு மேல் நீண்டது. ஆனால் வேலி பயிரைக் காக்குமேயன்றி வளர்க்காது. வளர்ந்தால் சலுகை போய்விடும் என்று அஞ்சிய பலர் சிறியவராகவே இருந்துவிட்டனர். 2015-இல் எஞ்சியிருந்த 20 பொருள்களும் விடுவிக்கப்பட்டன. அந்த அத்தியாயம் முடிந்தது.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். உடையவர் அவதரித்த இத்தலம் நெடுங்காலம் ஏரிப் பாசனத்தால் வாழ்ந்த ஊர். 1991-இல் பொருளாதாரக் கதவுகள் திறந்த பின், அரசின் நோக்கு பெருந்தொழில்களின் பக்கம் திரும்பிற்று. 1971-இல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் இங்கே நிலத்தைத் திரட்டிப் பூங்காக்கள் அமைத்தது. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998-இல் அதன் முதல் கார் வெளிவந்தது. 2006-இல் நோக்கியாவின் கைப்பேசி ஆலை இயங்கலாயிற்று. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில் - ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையும் சந்திக்கும் ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிஸான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்ட் என்று ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இதனால் இவ்வட்டாரம் அடைந்த நன்மையை நான் குறைத்துக் கூற மாட்டேன். கூரை வீட்டிலிருந்து வந்து என்னிடம் பயின்ற மாணவர் பலர் இவ்வாலைகளின் சம்பளத்தால் கல்வீடு கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் வரலாற்றில் இங்கே ஒரு திருப்பம் உண்டு. கிண்டியில் அரசு சிறியவனுக்கு முதலில் வீடு கட்டிற்று. ஒரகடத்தில் பெரியவனுக்கு முதலில் வீடு கட்டியது; அவன் நிழலில் சிறியவன் தானே முளைப்பான் என்று எதிர்பார்த்தது. முளைத்தான் என்பதும் உண்மையே. எனினும் முளைத்த இடம் எது என்பதைக் கவனிக்க வேண்டும். கார் ஆலைக்கு நேராக உறுப்புகளைத் தருவோர் முதல் அடுக்கினர். அவர்களிற் பலர் ஆலையோடு கூடவே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கொடுப்போர் இரண்டாம் அடுக்கினர். நம் ஊர்ப் பட்டறைகள் பெரும்பாலும் மூன்றாம் அடுக்கில் நிற்கின்றன. அம்பத்தூர்க்காரருக்கு நான்கைந்து வாசல்கள் திறந்திருந்தன. இவருக்கோ பெரும்பாலும் ஒரே வாசல்தான்.

ஒரே வாசலை நம்புவதன் அபாயத்தை 2014-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்குகளில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை அந்த விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் அங்கே வேலை நின்றது. அடுத்த மாதமே, அதனைச் சார்ந்திருந்த பாக்ஸ்கானும் இங்கே தன் உற்பத்தியை நிறுத்தியது. பெரிய நிறுவனங்களுக்கு மீண்டும் வழி பிறந்தது. பாக்ஸ்கான் பின்னர்த் திரும்பி வந்து பெருகிற்று. நோக்கியாவின் ஆலையை வாங்கப்போவதாக சால்காம்ப் 2019-இல் அறிவித்தது. ஆனால் அந்த ஆலையை நம்பி வேன் வாங்கியவருக்கும் உணவு விடுதி வைத்தவருக்கும் அட்டைப்பெட்டி செய்தவருக்கும் ஐந்தாண்டுகள் காத்திருக்கும் வசதி ஏது?

ஆலை மூடுவது அரிதாக நேரும் இடர். நாள்தோறும் நேரும் இடர் வேறு. என்னிடம் பயின்று, ஐ.டி.ஐ.யில் டர்னர் பயிற்சி பெற்ற ஒருவர் ஒரகடத்துக்கு அருகே பதினொரு பேரை வைத்துப் பட்டறை நடத்துகிறார். இரும்புத் தகட்டைக் கையில் காசு கொடுத்து வாங்குகிறார். சனிக்கிழமை தோறும் கூலி தருகிறார். சரக்கை அனுப்பிப் பில் எழுதினால், பணம் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த மாதம் ஜி.எஸ்.டி. கட்டியாக வேண்டும். ஒரு முறை அவருக்கு வரவேண்டிய தொகை நூற்றுப்பத்து நாள் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் மனைவியின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. “மானியம் கூட வேண்டாம் ஐயா, என் காசு எனக்கு நாளோடு வந்தால் போதும்” என்றார். சிறுதொழிற் பொருளாதாரத்தை இதைவிடச் சுருக்கமாக எவரும் எனக்குக் கூறியதில்லை. ஏழையான பட்டறைக்காரர் வட்டியின்றிப் பெரியவருக்குக் கடன் கொடுக்கிறார் என்பதே இதன் பொருள்.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அதனினும் விரிவாக 2006-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தில் எந்தத் தவணை எழுதியிருந்தாலும் 45 நாள்களுக்குள் சிறியவருக்குப் பணம் தரவேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாக ஏறும். குறு, சிறு தொழிலாளருக்கு உரிய நாளில் பணம் தராதவர், அதைத் தரும் வரையில் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பில்லை முன்கூட்டியே வங்கிகளிடம் பணமாக்கிக்கொள்ள டிரெட்ஸ் என்னும் மின்னணுச் சந்தையும் உள்ளது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை உடைய கம்பெனிகள் அதில் சேரவேண்டும் என்று 2024-இல் ஆணை பிறந்தது.

இவையெல்லாம் நல்ல சட்டங்கள். ஆயினும் இரண்டு இடங்களில் இவை தடுமாறுகின்றன. டிரெட்ஸில் சேரவேண்டிய கட்டாயம் பெரிய கம்பெனிக்கு உண்டு; மூன்றாம் அடுக்கினரிடம் வாங்குபவரோ இரண்டாம் அடுக்கினர். அவர் விற்பனை 250 கோடியைத் தொடாதிருக்கலாம். இது ஒன்று. மற்றொன்று இன்னும் கடியது. பணம் வரவில்லை என்று முறையிட வேண்டியவர் சிறியவரே. முறையிட்டால் வழக்கில் வெல்லலாம். அடுத்த ஆர்டர் வராது. ஒரே வாசல் உடையவன் அந்த வாசலின் மீதே வழக்குத் தொடுப்பானா?

ஜப்பான் நாட்டில் உள்ளவர்கள் இதை முன்பே கண்டுகொண்டார்கள். துணை ஒப்பந்தக்காரருக்குப் பணம் தருவதில் தாமதத்தைத் தடுக்க அவர்கள் 1956-இலேயே சட்டம் செய்தனர். அதைக் காக்கும் நியாய வணிக ஆணையம் புகார் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. ஆண்டுதோறும் வாங்குவோருக்கும் விற்போருக்கும் கேள்வித்தாள் அனுப்பித் தானே விசாரிக்கிறது. பலரும் பதில் எழுதுவதால், யார் சொன்னார் என்று எவரையும் சுட்ட முடிவதில்லை.

நம் செங்கற்பட்டுச் சீமைக்கு இந்த நெறி புதிதன்று. ஏரியை வெட்டியவன் பெருமைக்குரியவன். ஆனால் ஏரி நிறைந்தால் மட்டும் கடைமடை விளையாது. மதகின் அருகே நிலம் உள்ளவன் வேண்டிய மட்டும் பாய்ச்சிக்கொள்வான். ஆகவே ஊர்கூடி நீர்க்கட்டி என்று ஒருவரை நியமித்தார்கள். கடைமடைக்காரன் வந்து முறையிடும் வரை அவர் காத்திருக்க மாட்டார். மண்வெட்டியோடு வாய்க்கால் நெடுகத் தாமே நடந்து சென்று, கடைசி வயலுக்குத் தண்ணீர் ஏறிற்றா என்று பார்ப்பார்.

சாட்டர்டன் காலம் தொட்டு நம் அரசு தொழிலைக் கற்பித்தது; கடன் கொடுத்தது; யந்திரம் கொடுத்தது; கிண்டியில் கொட்டகை கட்டிற்று; ஒரகடத்தில் பேராலைகளை வருவித்தது. ஏரி வெட்டும் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கிறது. எஞ்சியிருப்பது நீர்க்கட்டியின் வேலை. அதற்குப் புதிய மானியம் தேவையில்லை. 45-ஆம் நாள் கடந்த பில்களைத் தாமே தேடிச் சென்று கேட்கும் அலுவலர் சிலரும், அவர்களுக்குப் பின்பலமாக நிற்கும் மன உறுதியும் இருந்தால் போதும். பட்டறைக்காரர் கேட்பது தம் உழைப்பின் விலையை. அதை உரிய நாளில் அவர் கையில் சேர்ப்பிப்பதே இந்த நூற்றாண்டில் அரசு கூறவேண்டிய விடை.