சுரங்கம் குடித்த கிணறுகள்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டில். அதற்கு மூன்றாண்டு முன்னரே எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் ஒன்பது வளைவுப் பாலம் எழுந்துவிட்டது. தெமோதரையிலோ, நிலையத்தைக் கடந்த பாதை வட்டமிட்டு அந்நிலையத்தின் அடியிலேயே புகுகிறது. மாணவருடன் நின்று நாமும் வியந்ததுண்டு. ஆயினும், அப்பாதை முதன்மையாகத் தேயிலைப் பெட்டிகளுக்காகப் போடப்பட்டது. அவற்றை நிரப்பிய லயத்து மக்களுக்காக அன்று.

நூற்றாண்டு கழிந்தும் அந்தக் கணக்கு மாறிற்றா? உமா ஓயாத் திட்டத்தை நோக்குவோம். புகுல்பொலயிலும் டயரபாவிலும் அணைகட்டி, மலைக்குள் நெடுஞ்சுரங்கம் குடைந்து, கரந்தகொல்லையில் நிலத்தடி மின்நிலையம் அமைத்தனர். 120 மெகாவாற் மின்சாரம். தென்கிழக்கின் வறண்ட வயல்களுக்கு நீர். நோக்கத்தில் நாம் குறை காணவில்லை. வறண்ட நிலத்து உழவனும் நம்மவனே. ஆனால் 2014ஆம் ஆண்டின் இறுதியில் சுரங்கத்துள் நிலத்தடி நீர் பீறிட்டது. பாறை வெடிப்புகளின் வழியே மலையின் நீர் உள்ளே வடிய, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் விரிசலுற்றன. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளை வீதியில் திரண்டனர். திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது.

சுரங்க முகப்பில் முன்கூட்டியே துளையிட்டு நீரைக் கண்டறிவதும், சீமெந்துக் குழம்பு செலுத்தி வெடிப்பை அடைப்பதும் பொறியியலுக்குப் புதியனவல்ல. பாறையின் உறுதியை அளக்கும் கை, அதன்மேல் வாழ்வோரின் கிணற்றையும் பீலியையும் தோண்டுமுன்னரே அளந்திருக்க வேண்டும். ஆடி மாதத்தில் தன் கிணற்றில் எத்தனை முழம் நீர் இறங்கும் என்பதை அங்குள்ள பெண் அறிவாள். அவளிடம் கேட்டு எழுத ஒரு குறிப்பேடு போதும்.