வாக்குரிமையும் தோட்டத்துப் பெண்ணும்

இலங்கைப் பெண்களின் உரிமைப் போராட்டம் பற்றி எழுதப்புகும் எவரும் 1931ஆம் ஆண்டினைப் பெருமையுடன் குறிப்பிடுவது வழக்கம். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமைக்காக 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கையிலோ 21 வயதை அடைந்த பெண்கள் 1931இலேயே வாக்களித்தனர். மகளிர் தினச் சிறப்பிதழ்கள் தயாரித்த காலத்தில் நானும் கதையை அவ்விடத்திலேயே நிறுத்தியவன்தான்.

1927 டிசம்பரில் தோற்றம்பெற்ற பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் கொழும்பின் மேட்டுக்குடிப் பெண்களே முன்னின்றனர். படித்த, வசதிபடைத்த பெண்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட வாக்குரிமையே அவர்களது தொடக்கக் கோரிக்கையாக இருந்தது. டொனமூர் ஆணைக்குழுவின் முன் அவர்கள் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலைசெய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று டொனமூர் பிரபு வினவினார். அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கிறோம் என்னும் கருத்துப்பட அக்னஸ் டி சில்வா பதிலளித்தார். எதிர்பாராத கேள்விக்கு வந்த இப்பதில் அச்சங்கத்தின் கோரிக்கையையே விஞ்சி நின்றது எனலாம்.

நம்மவர் தரப்பில் நிலைமை வேறு. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்களிப்பதைக் கடுமையாக எதிர்த்தார். கல்வி வேறு, அதிகாரம் வேறு என்பதே அக்காலக் கனவான்களின் கணக்கு. மலையகத்தில் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாளோ 'தேசபக்தன்' பத்திரிகையில் பெண்களின் வாக்குரிமைக்கு ஆதரவாக எழுதினார். தொழிலாளர் கூட்டங்களில் பாட்டுப் பாடியே அவர்களைத் திரட்டினார். நமது பத்திரிகை வரலாற்றில் அவருக்கு உரிய இடம் அளிக்கப்படவில்லை என்பது என் எண்ணம்.

வாக்குரிமை வந்ததுதான். ஆயினும் இந்திய வம்சாவளியினர் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் சட்டத் திருத்தமும் பெரும்பாலான தோட்டத் தொழிலாளரை வாக்காளர் இடாப்பிலிருந்தே அகற்றின. 1960இல் உலகின் முதலாவது பெண் பிரதமரை இந்நாடு கண்டது. அதே சிறிமாவோ அம்மையாரே 1964 ஒக்டோபரில் சாஸ்திரியுடன் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கினார். ஒரு பெண் பிரதமரானதைக் கொண்டாடிய நாட்டில், பல்லாயிரம் பெண்களுக்கு நாடே இல்லாதிருந்தது. நாடற்றோராய் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலும் இயற்றவேண்டியிருந்தது.

கூலியின் கதை இன்னும் நீண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் நிர்ணயிக்கப்பட்டன. தேயிலைத் தொழிலின் அச்சாணியே கொழுந்து பறித்தல். அதனைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விடியுமுன் எழுந்து லயத்து அடுப்பை மூட்டி, பிள்ளையைப் பிள்ளைமடுவத்தில் விட்டுவிட்டு மலையேறியவளுக்கு 11 சதம் குறைவு. தொழிற்சங்கங்களின் சந்தாப் பணத்தில் பெரும்பங்கு அவளுடையது. தலைமைப் பதவிகளிலோ ஆண்களே அமர்ந்திருந்தனர். சம கூலிக் கோரிக்கை நெடுங்காலம் பின்வரிசையில் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்துறையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்கூலி 1984இலேயே கிட்டியது. அதன் பின்னரும் பல தோட்டங்களில் சம்பள நாளன்று பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோதான் கைநீட்டிப் பெற்றுக்கொண்டான்.