வெப்பமாய்ப் போனதும் நதியில் கலந்ததும்

மின்தேக்கி என்பது வாங்கியதைத் திருப்பித் தரும் கருவி என்றே நாம் பள்ளியில் படித்தோம். இரண்டு உலோகத் தகடுகள், நடுவே ஒரு மின்காப்புப் பொருள். ஊட்டிய ஆற்றல் அங்கே தங்கியிருந்து வேண்டும்போது வெளிவரும். ஆனால் எந்தப் பொருளும் வாங்கியதை முழுதாகத் தந்துவிடுவதில்லை. ஒரு சிறு பங்கு வெப்பமாகக் கழிந்துபோகிறது. அந்தச் சிறு பங்கோடு மனிதர் நடத்திய போராட்டம் ஒரு பெருநதியின் வரலாற்றையே மாற்றியதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1745-46ஆம் ஆண்டுகளில் பிறந்த லெய்டன் ஜாடியிலேயே இதன் முதற்குறி தென்பட்டது. ஜாடியை மின்னிறக்கம் செய்து சற்றுப் பொறுத்திருந்தால் மீண்டும் ஒரு சிறு பொறி கிளம்பும். பெற்றதைக் கண்ணாடி உடனே விடுவதில்லை. இந்தத் தயக்கத்தின் ஒரு முக்கியக் காரணத்தை இருபதாம் நூற்றாண்டில் பீட்டர் டிபை விளக்கினார். முனைவுள்ள மூலக்கூறுகள் மின்புலத்தின் திசைக்கேற்பத் திரும்ப முயல்கின்றன. புலம் விரைந்து மாறும்போது அவை பின்தங்குகின்றன. அந்தப் பின்தங்கலே வெப்பமாகிறது.

மின்புலம் வலுக்கும்போது நிலைமை இன்னும் மோசமாகும். மின்காப்புப் பொருளின் ஊடாகவே மின்னோட்டம் கசியத் தொடங்கும். கசிவால் வெப்பம், வெப்பத்தால் மேலும் கசிவு; ஓரளவுக்கு மேல் பொருள் எரிந்து துளைபடும். இந்த வெப்பச் சிதைவை 1922-இல் கே. டபிள்யூ. வாக்னர் கோட்பாடாக்கினார்.

அன்றைய மின்தேக்கிகளில் எண்ணெயில் ஊறிய காகிதமே மின்காப்பு. காகிதத்தினும் எண்ணெய்க்கு விடுதிறன் குறைவு; ஆகவே புலத்தின் அழுத்தம் எண்ணெயின் மீதே அதிகம் விழும். எண்ணெயோ தீப்பற்றக் கூடியது. இந்த இரு குறைகளையும் ஒருசேரத் தீர்க்கும் திரவமாக வந்ததுதான் பாலிகுளோரினேற்ற பைஃபீனைல், சுருக்கமாக பிசிபி. அமெரிக்காவில் 1929-இல் அதன் வணிக உற்பத்தி தொடங்கியது; 1935-இல் அது மான்சாண்டோ நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதன் விடுதிறன் காகிதத்தினுடையதற்கு நெருக்கமானது. எளிதில் தீப்பற்றாது, ஆண்டுக்கணக்கில் கெடாது. பொறியாளர்கள் இதற்குமேல் என்ன கேட்பார்கள்?

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஃபால்ஸ், ஃபோர்ட் எட்வர்ட் என்னும் ஊர்களில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆலைகள் 1947 முதல் 1977 வரை இத்திரவத்தை ஊற்றி மின்தேக்கிகள் செய்தன. அக்காலத்தில் 590 டன் வரையிலான பிசிபி ஹட்சன் நதியில் கலந்திருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்தது.

ஆலையில் எது குணமாயிருந்ததோ அதுவே நதியில் குற்றமாயிற்று. கெடாத பொருள் ஆற்றிலும் கெடவில்லை. சேற்றில் படிந்து, மீனின் கொழுப்பில் சேர்ந்து, உண்பவர் உடலில் ஏறியது. 1966-இல் ஸ்வீடனின் சோரென் யென்சன் கழுகிலும் மீனிலும் இதைக் கண்டறிந்தார். 1968-இல் ஜப்பானில் பிசிபி கலந்த அரிசித்தவிட்டெண்ணெயை உண்டோர் கடும் நோய்க்கு ஆளாயினர். 1976-இல் மேல் ஹட்சனில் மீன்பிடிக்கத் தடை வந்தது. தலைமுறைகளாய் ஆற்றை நம்பியிருந்தோருக்கு மின்தேக்கி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. விலை கொடுத்தவர்கள் அவர்கள். 1979-இல் அமெரிக்கா பிசிபி உற்பத்தியைத் தடைசெய்தது. 2009 முதல் 2015 வரை ஆற்றின் அடிச்சேறு தோண்டி அகற்றப்பட்டது.

இதில் நம்மை உறுத்துவது வேறொன்று. 1960களிலேயே பாலிபுரோப்பிலீன் படலம் காகிதத்தோடு சேர்ந்து மின்தேக்கிக்குள் நுழைந்துவிட்டது. அதன் மூலக்கூறுகளில் முனைவு மிகக் குறைவு. ஆதலால் பின்தங்க ஏதுமில்லை. ஊறிய காகிதத்தில் நேர்ந்த இழப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அதில் நேர்கிறது. காகிதம் முற்றிலும் விலகிய பின்னர் மின்தேக்கி முன்னிலும் சிறியதும் சிக்கனமானதும் ஆயிற்று. இன்றியமையாதது என்று கருதப்பட்ட திரவம் இன்றியும் உலகம் ஓடியது.

இன்று மின்வாகனங்களுக்காக மறுபடி தேடல் நடக்கிறது. 100 பாகை செல்சியசைத் தாண்டிய வெப்பத்தில், வலுத்த புலத்தில், பாலிபுரோப்பிலீனும் கசியத் தொடங்குகிறது. மாற்றாக ஆராயப்படுவனவற்றுள் ஃப்ளூரின் கலந்த பாலிமர்களும் உண்டு. எளிதில் அழியாத ஃப்ளூரின் சேர்மங்களைக் கட்டுப்படுத்துமாறு 2023-இல் ஐந்து ஐரோப்பிய நாடுகள் முன்மொழிந்த பட்டியலில் இத்தகைய பாலிமர்களும் இடம்பெற்றன. பொருளின் இழப்பைக் கணக்கிடும்போது நாம் மின்தேக்கியின் இரு முனைகளுக்கு இடையே மட்டும் அளக்கிறோம். அந்தக் கணக்கில் ஹட்சன் நதி என்றும் இடம்பெற்றதில்லை.